பயிர்ச் சேத நிவாரணம்: விழுப்புரம் மாவட்டத்து விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 சென்டிமீட்டர் மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலையில் சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டது. தென்பெண்ணை இரு கரையிலும் ஏறி வயல்களுக்குள் புகுந்தது. அதற்குப் பிறகு வந்த மாதங்களில் எங்கள் பகுதியில் அக்கம்பக்கத்தாருக்கு மனு எழுதிக் கொடுத்தவன் என்ற முறையில், என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். தொகைகள் 2022-23 முதல் 2025-26 வரையிலான காலத்துக்கு ஒன்றிய அரசு வகுத்த நிவாரண விதிகளையும், ஃபெஞ்சலுக்குத் தமிழக அரசு அறிவித்த நிவாரணத்தையும் ஒட்டியவை.

அரசு தருவது பயிருக்கான நஷ்ட ஈடுதானே?

இல்லை. அரசாணையில் இதன் பெயர் இடுபொருள் மானியம். அழிந்த பயிரின் மதிப்பைக் கணக்கிட்டு யாரும் இதைத் தருவதில்லை. அடுத்த முறை விதையும் உரமும் வாங்கி நிலத்தில் மறுபடி இறங்குவதற்கான கைத்தாங்கல் என்ற கணக்கில்தான் தருகிறார்கள். அதனால்தான் நாற்றங்காலில் போன பயிருக்கும், கதிர் முற்றி அறுவடைக்கு ஒரு வாரம் இருந்த பயிருக்கும் ஹெக்டேருக்கு ஒரே தொகை வருகிறது. "அறுக்கப் போகிற நேரத்தில் போச்சே, அதற்கு இவ்வளவுதானா?" என்ற ஆதங்கம் நியாயமானது, ஆனால் அந்த வேறுபாட்டுக்கு இந்த விதியில் இடமே இல்லை. விளைச்சல் இழப்பை ஈடுசெய்ய வேண்டியது பயிர்க் காப்பீடு. இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் பாதி மனுக்கள் தவறான அலுவலகத்துக்குப் போய்ச் சேருகின்றன.

எவ்வளவு கிடைக்கும்? ஏக்கர் கணக்கில் சொல்லுங்கள்.

சேதம் 33 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், பாசன வசதி பெற்ற நெல் போன்ற பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய். மானாவாரிப் பயிருக்கு 8,500. பல்லாண்டுப் பயிர்களுக்கும் மரங்களுக்கும் 22,500. ஒரு ஹெக்டேர் என்பது ஏறக்குறைய 2 ஏக்கர் 47 சென்ட். ஆகவே நெல்லுக்கு ஏக்கருக்குச் சுமார் 6,880 ரூபாயும், மானாவாரி மல்லாட்டைக்கு (நிலக்கடலைக்கு) சுமார் 3,440 ரூபாயும் வரும். ஒரு சென்ட் நெல்லுக்கு 69 ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று நினைவில் வைத்துக்கொண்டால், 70 சென்ட் வைத்திருப்பவர் தமக்கு 4,800 ரூபாய் அளவில் வரவேண்டும் என்று விரல் விட்டே எண்ணிவிடலாம். நடவு, களை, உரம், மருந்து என்று ஏக்கருக்கு முப்பதாயிரத்துக்குக் குறையாமல் போட்டோம் என்று எங்கள் பக்கத்தில் சொல்கிறவர்களுக்கு இந்தக் கணக்கு கசக்கத்தான் செய்யும்.

துண்டு நிலம் வைத்திருப்பவர்களுக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒன்றிய விதிகளின்படி பாசனப் பயிருக்கு 2,000 ரூபாய்க்கும், மானாவாரிக்கு 1,000 ரூபாய்க்கும், பல்லாண்டுப் பயிருக்கு 2,500 ரூபாய்க்கும் குறையாமல் தரவேண்டும். 20 சென்ட் நெல் வைத்திருந்தவருக்கு 1,376 ரூபாய் வந்திருந்தால், அது கேள்வி கேட்கவேண்டிய தொகை.

ஐந்து ஏக்கருக்கு மேல் இருந்தால்?

ஒருவருக்கு 2 ஹெக்டேர், அதாவது 4 ஏக்கர் 94 சென்ட் வரைதான். பாசனப் பயிருக்கு உச்சம் 34,000 ரூபாய்.

முன்பு ஹெக்டேருக்கு 20,000 கொடுத்தார்களே, எப்படிக் குறைந்தது?

நினைவு சரிதான். நிவர், புரெவி புயல்களையும் 2021 ஜனவரியில் பருவம் தவறிப் பெய்த மழையையும் அடுத்து, அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி நெல்லுக்கான தொகையை 13,500-லிருந்து 20,000 ஆக உயர்த்தியதோடு, 2 ஹெக்டேர் வரம்பையும் தளர்த்தினார். 2023 பிப்ரவரியில் டெல்டா மாவட்டங்களில் அறுவடை நேரத்து மழையில் நெல் சாய்ந்தபோது, அப்போதைய முதல்வர் மு.க. ஸ்டாலினும் ஹெக்டேருக்கு 20,000 என்றே அறிவித்தார். அதே ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயல் நிவாரணம் வந்தபோதோ, "13,500-லிருந்து 17,000 ஆக உயர்த்தி" என்று அறிவிப்பு வந்தது. பத்து மாதங்களுக்கு முன்பு 20,000 கைக்கு வந்திருந்த நிலையில் 17,000 எப்படி உயர்வாகும் என்று கேட்டால், விதிப்புத்தகத்தின் பழைய தொகையோடு ஒப்பிட்டால் உயர்வு, வங்கிப் புத்தகத்தோடு ஒப்பிட்டால் குறைவு என்பதுதான் பதில். 17,000 என்பது ஒன்றிய விதியிலுள்ள தொகை. அதற்கு மேல் ஒரு ரூபாய் கூட்டினாலும் மாநில அரசு தன் சொந்த நிதியிலிருந்துதான் தரவேண்டும். கூட்டித் தருவதும் தராததும் ஒவ்வொரு பேரிடரிலும் புதிதாக எடுக்கப்படும் அரசியல் முடிவு. சென்ற முறை தந்தார்கள் என்பது உரிமையாகிவிடாது.

மனம் வைத்தால் எவ்வளவு தூரம் போகலாம் என்பதற்கு 2018-இன் கஜா புயலைச் சொல்லலாம். அன்று பல்லாண்டுப் பயிருக்கான விதித் தொகை ஹெக்டேருக்கு 18,000 ரூபாய்தான். ஆனால் சாய்ந்த தென்னை ஒன்றுக்கு 600 ரூபாயும், அதை வெட்டி அகற்ற 500 ரூபாயுமாக மரத்துக்கு 1,100 கணக்கிட்டு, ஹெக்டேருக்கு 175 மரம் என்று 1,92,500 ரூபாய் அறிவிக்கப்பட்டது.

வரப்புக்கு அந்தப் பக்கம் புதுச்சேரிக்காரருக்கு 30,000. எனக்கு ஏன் 17,000?

புதுச்சேரியின் மண்ணாடிப்பட்டு, பாகூர் பகுதிகளை ஒட்டித் தமிழ்நாட்டு எல்லைக்குள் நிலம் உள்ளவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. ஒரே மழை, ஒரே வெள்ளம், பல இடங்களில் ஒரே வாய்க்கால். ஃபெஞ்சலுக்குப் புதுச்சேரி அரசு ஹெக்டேருக்கு 30,000 ரூபாய் அறிவித்தது; ஏக்கருக்குச் சுமார் 12,140. நிலம் எந்த வருவாய்க் கிராமத்தில் இருக்கிறதோ அந்த அரசுதான் நிவாரணம் தரும். உங்கள் வீடு தமிழ்நாட்டிலும் நிலம் புதுச்சேரியிலும் இருந்தால் அங்கே விண்ணப்பியுங்கள். குடும்ப அட்டை எந்த ஊரில் இருக்கிறது என்பது பயிர் நிவாரணத்துக்குப் பொருட்டில்லை.

33 சதவீதம் என்று யார், எப்படித் தீர்மானிக்கிறார்கள்?

கிராம நிர்வாக அலுவலரும் வேளாண்மைத் துறையின் உதவி வேளாண்மை அலுவலரும் கூட்டாக வயலுக்கு வந்து பார்க்கவேண்டும். காய்கறி, வாழை, பழப்பயிர் என்றால் தோட்டக்கலைத் துறையினர். அவர்கள் எழுதும் பட்டியல் வட்டாட்சியர், வேளாண்மை உதவி இயக்குநர் வழியாக மாவட்ட ஆட்சியருக்குப் போய், அங்கிருந்து சென்னைக்குப் போகிறது. இந்த வரம்பு 2015 வரை 50 சதவீதமாக இருந்தது; அந்த ஆண்டுதான் 33 ஆகக் குறைக்கப்பட்டது.

அளவுகோல் எதுவும் கிடையாது. கண்ணால் பார்த்து மதிப்பிடுவதுதான் நடைமுறை என்பதால், எந்த நாளில் பார்க்கிறார்கள் என்பது முடிவையே மாற்றிவிடும். எங்கள் வயலில் நடந்ததைச் சொல்கிறேன். தண்ணீர் வடிந்து ஆறாம் நாள் இரண்டு அலுவலர்களும் வரப்பில் நின்று பார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் பயிர் பச்சையாகத்தான் தெரிந்தது. "தேறிவிடும்" என்று ஒருவர் சொன்னார். என் பெரியப்பா ஒன்றும் பேசாமல் சேற்றில் இறங்கி, இடம் இடமாக ஐந்து தூர்களிலிருந்து ஒவ்வொரு கதிரை உருவிக்கொண்டு வந்து, உள்ளங்கையில் வைத்துக் கசக்கினார். பூக்கிற பருவத்தில் நான்கு நாள் தண்ணீருக்குள் கிடந்த பயிர் அது. பால் பிடித்திருந்த மணி பத்துக்கு மூன்றுகூட இல்லை. மற்றதெல்லாம் வாயால் ஊதினால் பறக்கிற சாவி, அதாவது உள்ளே அரிசி பிடிக்காத பதர். எழுதத் தொடங்கியிருந்த எண் அங்கேயே மாறியது. அலுவலர்களைக் குறை சொல்வதற்காக இதைச் சொல்லவில்லை. ஒருவர் பொறுப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட கிராமங்கள், பத்து நாள் கெடு என்றால் வரப்பில் நின்றுதான் பார்ப்பார்கள். கணக்கெடுப்பு நாளன்று நிலத்துக்காரர் வயலில் இருக்கவேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

மூன்று வாரம் கழித்துத்தான் சாவி என்று தெரிய வந்தால், தெரிந்த அன்றே மறு ஆய்வு கேட்டு வட்டாட்சியருக்கு எழுதிக் கொடுத்து, ஒப்புகைச் சீட்டு வாங்கிவிடுங்கள். பட்டியல் சென்னைக்குப் போய்விட்ட பிறகு அதில் ஒரு பெயரைச் சேர்ப்பது, போவதற்கு முன்பு சேர்ப்பதைவிடப் பத்து மடங்கு சிரமம்.

பட்டா, சிட்டா எல்லாம் சரியாக இருந்தும் என் பெயர் விட்டுப்போனது ஏன்?

இந்தத் தொகுப்பில் ஒரே ஒரு பதிலை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். பட்டாவும் சிட்டாவும் நிலம் யாருடையது என்று சொல்கின்றன. அதில் இந்தப் பருவத்தில் என்ன பயிர் இருந்தது என்று சொல்வது அடங்கல் ஒன்றுதான். கிராமக் கணக்குகளில் இரண்டாம் எண். நிவாரணம் பயிருக்கு என்பதால், அடங்கலில் பயிர் இல்லையென்றால் வயலில் இருந்த பயிரும் இல்லாததுதான்.

அடங்கல் பசலி ஆண்டுக் கணக்கில் எழுதப்படுவது. ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும்; ஃபெஞ்சல் வந்தது பசலி 1434-இல். புலம் புலமாகப் போய்ப் பயிராய்வு செய்து மாதவாரியாக எழுதவேண்டும் என்பது விதி. நடப்பில், சென்ற பசலியில் இருந்ததே இந்தப் பசலியிலும் இறங்கிவிடுவது உண்டு. உளுந்து போட்டிருந்தவருக்கு நெல் என்றும், நெல் நட்டிருந்தவருக்குத் தரிசு என்றும் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். ஆழ்துளைக் கிணறு போட்டு ஐந்து வருடமாகியும் பழையபடி மானாவாரி என்றே இருந்த ஒரு நிலத்துக்கு 17,000 வரவேண்டிய இடத்தில் 8,500 கணக்கிட்டார்கள். அவர் மூன்று முறை அலைந்தார். சேதம் நடந்த பிறகு திருத்தினால் ஊரே திருத்தச் சொல்லிக் கேட்கும் என்று பதில் வந்தது. அந்தப் பதிலிலும் ஓரளவு நியாயம் இருக்கிறது என்பதுதான் சங்கடம்.

ஆகவே அடங்கலைப் பார்க்கவேண்டிய நேரம் புயலுக்குப் பிறகு அல்ல, நடவு முடிந்த மாதம். சம்பாவுக்குக் காப்பீடு செய்ய எப்படியும் கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் வாங்கப் போவீர்கள். அப்போதே புல எண், உட்பிரிவு, பரப்பு, பயிர், பாசன ஆதாரம் ஆகிய ஐந்தையும் அங்கேயே நின்று படித்துப் பாருங்கள்.

நான் குத்தகைக்குப் பயிர் செய்கிறேன். பணம் எனக்கு வருமா, நிலத்துக்காரருக்கு வருமா?

இடுபொருளுக்குச் செலவு செய்தவர் நீங்கள் என்பதால் உங்களுக்குத்தான் வரவேண்டும். ஆனால் உங்கள் பெயர் எங்காவது எழுத்தில் இருக்கவேண்டும். 1969-ஆம் ஆண்டின் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டத்தின்கீழ்ப் பதிந்தவர்களுக்குச் சிக்கல் இல்லை; ஆனால் வாய்மொழிக் குத்தகைதான் எங்கும். பதிந்தால் குத்தகைதாரரைப் பிறகு வெளியேற்ற முடியாது என்ற அச்சத்தில் நிலத்துக்காரர்கள் கையெழுத்துப் போட மறுக்கிறார்கள். அந்த நிலையில், பயிர் செய்வது இன்னார் என்று கிராம நிர்வாக அலுவலர் தரும் சாகுபடிச் சான்றும், நிலத்துக்காரர் நிவாரணத்துக்கு மட்டும் தரும் ஒப்புதல் கடிதமும் பெரும்பாலும் வழி திறந்துவிடும். கோயில் நிலமாக இருந்தால் நடப்பு ஆண்டுக்கான குத்தகை ரசீதை எடுத்துச் செல்லுங்கள். பாக்கி இருந்தால் அதைச் சொல்லியே தட்டிக்கழிக்க இடமுண்டு.

வெளியூரில் இருக்கும் நிலத்துக்காரர் கணக்குக்குப் பணம் போய்விட்டதென்றால், சட்டத்தைக் காட்டி அவரிடமிருந்து வாங்கிவிடலாம் என்று நம்பிக்கை தர எனக்கு வாய் வரவில்லை. ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசித் தீர்த்துக்கொண்டவர்களையே அதிகம் பார்த்திருக்கிறேன்.

கூட்டுப் பட்டா, அல்லது பட்டா இன்னும் இறந்துபோன அப்பா பெயரில்.

கூட்டுப் பட்டாவில் மற்றப் பங்காளிகளின் ஒப்புதலோடு, பயிர் செய்தவர் பெயருக்கு வாங்கலாம். அப்பா பெயரில் இருந்தால் இறப்புச் சான்று, வாரிசுச் சான்று இரண்டும் வேண்டும். பங்காளிச் சண்டை இருந்தால் அலுவலகம் தொகையை நிறுத்தித்தான் வைக்கும்.

வயலில் மணல் மேடிட்டுவிட்டது. அதற்குத் தனியாக ஏதும் உண்டா?

உண்டு, பலருக்கு இது தெரியாது. தென்பெண்ணைக் கரையில் கதிரோடு சேர்த்து வயலையே மூடிய மணலைப் பார்த்தவர்களுக்கு, பயிருக்கு வரும் 6,880 ரூபாய் பொக்லைன் வாடகைக்குக்கூட ஆகாது என்பது தெரியும். ஒன்றிய விதிகளில், 3 அங்குலத்துக்கு மேல் மணலோ வண்டலோ படிந்த விளைநிலத்தைச் சீர்செய்ய ஹெக்டேருக்கு 18,000 ரூபாயும், ஆறு தடம் மாறி நிலத்தின் பெரும்பகுதியே அடித்துச் செல்லப்பட்டால் ஹெக்டேருக்கு 47,000 ரூபாயும் இருக்கின்றன. இவை சிறு, குறு விவசாயிகளுக்கு மட்டும். முழம் வைத்துப் படிவின் ஆழத்தைக் காட்டும் படம் எடுத்துவைத்து, பயிருக்கான மனுவோடு கலக்காமல் தனி மனுவாகக் கொடுங்கள்; கேட்காதவர்களுக்கு இது தானாக வருவதில்லை.

மாடு, ஆடு, கோழி?

பசு, எருமை ஒன்றுக்கு 37,500 ரூபாய், ஆடு ஒன்றுக்கு 4,000, கோழிக்கு 100. உழவு மாட்டுக்கு 32,000, கன்றுக்கு 20,000 என்று விதியில் உள்ளது. கறவை மாடு குடும்பத்துக்கு மூன்று வரை, ஆடு முப்பது வரை. புதைப்பதற்கு முன் கால்நடை உதவி மருத்துவரை அழைத்துச் சான்று வாங்கவேண்டும். வெள்ளத்தில் அடித்துக்கொண்டு போய்விட்டால் சான்று எங்கே வாங்குவது என்று கேட்டால், கிராம நிர்வாக அலுவலரின் அறிக்கையும், காதில் இருந்த தோட்டின் எண்ணும், பால் சங்கத்தில் ஊற்றிய கணக்கும்தான் துணை.

காப்பீடும் செய்திருக்கிறேன். இரண்டும் கிடைக்குமா?

கிடைக்கும். ஒன்று மற்றொன்றைக் கழிக்காது. ஆனால் இரண்டின் கணக்கும் முற்றிலும் வேறு என்பதால், ஒன்று வந்தது மற்றது வரும் என்பதற்கு அறிகுறி அல்ல.

நிவாரணம் உங்கள் வயலைப் பார்க்கிறது. பிரதமரின் பயிர்க் காப்பீட்டுத் திட்டம் உங்கள் வருவாய்க் கிராமத்தைப் பார்க்கிறது. சம்பா நெல்லுக்குக் காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதத்தைப் பிரீமியமாகக் கட்டுகிறீர்கள். கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15. அறுவடையின்போது கிராமத்தில் நான்கு இடங்களில் 5 மீட்டருக்கு 5 மீட்டர் சதுரம் கட்டி, அறுத்து, அடித்து, எடை போடுகிறார்கள். அந்தச் சராசரி, கடந்த ஏழு ஆண்டுகளில் நல்ல ஐந்தாண்டுச் சராசரியை வைத்துக் கணக்கிட்ட உத்தரவாத மகசூலுக்குக் கீழே போனால்தான் இழப்பீடு. மேட்டுப் பகுதியில் விழுந்த சதுரம் நல்ல மகசூல் காட்டினால், பள்ளத்தில் முழுக்க அழிந்தவருக்கும் பூஜ்யம்தான். அதனால் பரிசோதனை எந்தப் புல எண்ணில் நடக்கிறது என்று விசாரித்து, ஊர்க்காரர்கள் நாலுபேர் உடன் நிற்பது நல்லது.

தனி வயல் மூழ்கியதற்குத் தனியாக இழப்பீடு தரும் வாய்ப்பிலிருந்து நெல் 2018-இல் நீக்கப்பட்டது. 2026 காரிப் (தென்மேற்குப் பருவமழைக்காலச் சாகுபடி) பருவம் முதல் அதை மறுபடி சேர்ப்பதாக ஒன்றிய வேளாண் அமைச்சகம் 2025 நவம்பரில் அறிவித்தது. அதற்கு, சேதம் நடந்து 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்கவேண்டும் என்ற கட்டாயம் இருக்கிறது. மின்சாரமும் கைப்பேசிக் கோபுரமும் மூன்று நாள் இல்லாத ஊரில் 72 மணி நேரத்தை எப்படி எண்ணுவது என்பதை விதி எழுதியவர்கள்தான் சொல்லவேண்டும்.

அறுத்துக் களத்தில் வைத்த நெல் நனைந்து முளைத்துவிட்டதே?

நிவாரணம் நிலத்தில் நிற்கும் பயிருக்கு மட்டும். அறுத்து வயலிலேயே உலரப் பரப்பியிருந்தால் 14 நாள் வரை காப்பீட்டில் கேட்கலாம். நேரடி நெல் கொள்முதல் நிலைய வாசலில் குவித்து வைத்து நனைந்த நெல்லுக்கு இரண்டிலும் வழி இல்லை. என் கணக்கில் இந்த ஏற்பாட்டின் மிகப் பெரிய ஓட்டை இதுதான்.

வங்கிக் கடனைத் தள்ளிவைப்பார்களா?

தள்ளுபடி வேறு, தவணை மாற்றம் வேறு. ஃபெஞ்சலின்போது நடப்பிலிருந்த, ரிசர்வ் வங்கி 2018-இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பயிர்ச் சேதம் 33 முதல் 50 சதவீதம் வரை என்றால் குறுகிய காலப் பயிர்க் கடனை இரண்டு ஆண்டு வரையும், 50-க்கு மேல் என்றால் ஐந்து ஆண்டு வரையும் திருப்பிச் செலுத்தும்படி மாற்றியமைக்கலாம் என்று இருந்தது. இரண்டிலும் முதல் ஓராண்டு தவணை கட்டுவதிலிருந்து விடுப்பு. வங்கி தானாக முன்வந்து சொல்லாது. சேத அளவைக் குறிப்பிடும் வருவாய்த் துறைச் சான்றோடு நீங்கள் எழுத்தில் கேட்கவேண்டும். நிவாரணப் பணம் கடன் நிலுவையுள்ள கணக்கில் விழுந்து அங்கேயே பிடித்துக்கொள்ளப்படுமோ என்று பயந்தால், நிலுவை இல்லாத வேறு கணக்கின் எண்ணைக் கணக்கெடுப்பின்போதே கொடுத்துவிடுங்கள்.

இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது? ஏன் இவ்வளவு தாமதம்?

மாநிலப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து. 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்த நிதியில், தமிழ்நாட்டைப் பொறுத்தவரை நூற்றுக்கு 75 ரூபாய் ஒன்றிய அரசும் 25 ரூபாய் மாநில அரசும் போடுகின்றன. ஃபெஞ்சலுக்குப் பிறகு முதல்வர் இடைக்கால உதவியாக 2,000 கோடி கேட்டார். ஒன்றிய அரசு டிசம்பர் 6 அன்று 944.80 கோடியை விடுவித்தது. அது அந்த ஆண்டுக்கு இந்த நிதியில் தரவேண்டிய இரண்டு தவணையின் ஒன்றியப் பங்கேயன்றி, புயலுக்கென்று தனியாகத் தந்த தொகை அல்ல. தொகை விகிதத்தை முதல்வர் டிசம்பர் 3-ஆம் தேதியே அறிவித்தாலும், கணக்கெடுப்பு, சரிபார்ப்பு, அரசாணை, கருவூலம் என்று கடந்து வருவதற்குள் பொங்கலும் கழிந்துவிட்டது.

பட்டியலில் பெயர் இருக்கிறது, பணம் மட்டும் வரவில்லை.

பெரும்பாலும் வங்கி விவரக் கோளாறு. வங்கிகள் இணைந்தபின் மாறிய கிளைக் குறியீடு, ஆதாரில் ஒரு முன்னெழுத்தும் வங்கியில் வேறு முன்னெழுத்தும், பல ஆண்டு இயக்காமல் முடங்கிய கணக்கு: இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். வட்டாட்சியர் அலுவலகத்தில் திரும்பி வந்த பணப் பரிமாற்றங்களின் பட்டியல் இருக்கும். அதில் உங்கள் பெயரைத் தேடச் சொல்லுங்கள்.

பெயரே இல்லை என்றால் யாரிடம் போவது?

முதலில் வட்டாட்சியர், பிறகு கோட்டாட்சியர், பிறகு ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள், மாதந்தோறும் நடக்கும் விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டம். மேடையில் உணர்ச்சிவசப்பட்டுப் பேசுவதைவிட, புல எண், பரப்பு, பயிர், கணக்கெடுப்பு நாள், விடுபட்டதாக அறிந்த நாள் ஆகியவற்றை ஒரே பக்கத்தில் எழுதி, அடங்கல் நகலை இணைத்துக் கொடுத்த மனு நகர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, உங்கள் கிராமத்தின் சேதக் கணக்கெடுப்புப் பட்டியலின் நகலைக் கேளுங்கள். 30 நாளுக்குள் தரவேண்டும். "எனக்கு ஏன் தரவில்லை?" என்று கேட்டால் அது தகவல் அல்ல என்று திருப்பிவிடுவார்கள், "இந்தப் புல எண்ணுக்கு எத்தனை சதவீதம் சேதம் பதியப்பட்டுள்ளது?" என்று கேளுங்கள்.

கைப்பேசியில் எடுத்த படங்கள் செல்லுமா?

தனியாகச் செல்லாது, மனுவுக்குத் துணையாகச் செல்லும். தேதியும் இருப்பிடமும் பதியும்படி அமைத்துக்கொண்டு, தண்ணீர் நிற்கும்போது ஒன்று, வடிந்தபின் ஒன்று, கதிரை அருகில் வைத்து ஒன்று எடுங்கள். வெறும் தண்ணீரை மட்டும் எடுத்தால் எந்த வயல் என்று யாருக்கும் தெரியாது. மோட்டார் கொட்டகையோ, பனைமரமோ, எல்லைக்கல்லோ படத்துக்குள் இருக்கட்டும்.